மோசடிப் புகாரை வங்கி முடித்துவிட்டது. இனி என்ன செய்வது?

கேட்டவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது: அவருக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டிருக்கிறது, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் வங்கிக்கும் உடனே புகார் செய்திருக்கிறார், மூன்று வாரம் கழித்து ‘பரிவர்த்தனை முறையாக அங்கீகரிக்கப்பட்டுள்ளது’ என்று சொல்லி வங்கி புகாரை முடித்துவிட்டது. இனி வழி உண்டா, அதே வங்கியில் கணக்கைத் தொடரலாமா என்று கேட்கிறார்.

அதே வாசகம் 2023ஆம் ஆண்டு என் அம்மாவுக்கும் கடிதமாக வந்தது என்பதால்தான் இதற்கு நான் பதில் எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை, வங்கியில் வேலை பார்த்தவளும் இல்லை. ஆகவே சட்டம் தெரிந்தவர்கள் இதில் பிழை கண்டால் திருத்தலாம். ஆனால் ‘ஏமாந்துவிட்டு வங்கியைக் குறை சொல்கிறார்கள்’ என்று எழுத வருபவர்கள், முழுவதையும் படித்துவிட்டு அதை எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா குடும்ப ஓய்வூதியம் பெறுபவர். மாதம் பிறந்ததும் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய், வாசலில் இருக்கும் இயந்திரத்தில் பதிவு போட்டு, அங்கேயே ஓரமாக நின்று வரிவரியாகப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்த மாதம் மட்டும் போகவில்லை. அடுத்த முறை போனபோது ஐந்து புதிய வரிகள் இருந்தன: நான்கு முறை 10,000 ரூபாய், ஒரு முறை 7,500 ரூபாய், ஆக 47,500 ரூபாய். ஐந்திலும் ஏ.இ.பி.எஸ். என்று அச்சாகியிருந்தது. அம்மா ஏ.டி.எம். அட்டையே வாங்காதவர்; அவரிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய கைபேசி.

ஏ.இ.பி.எஸ். என்பது ஆதார் எண்ணையும் கைரேகையையும் கொண்டு பணம் எடுக்கும் முறை. வங்கிக் கிளை இல்லாத ஊர்களில் முகவர் ஒருவர் சிறு கருவியுடன் அமர்ந்திருப்பார். வங்கியின் பெயரையும் ஆதார் எண்ணையும் சொல்லி விரலை வைத்தால் பணத்தை எண்ணித் தருவார். அட்டை வேண்டாம், பின் எண் வேண்டாம், ஓ.டி.பி.யும் வேண்டாம். முதியோருக்கும் கூலித் தொழிலாளருக்கும் இது பெரிய வசதி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நிலப் பத்திரங்களில் பதிந்த கைரேகைகளை நகலெடுத்து, சிலிக்கானில் வார்த்து, அதை வைத்தே பணம் எடுத்த வழக்குகளும் இந்தியாவில் பதிவாகியிருக்கின்றன. அம்மாவின் ரேகை எங்கிருந்து கசிந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அதனால் யாரையும் கைகாட்ட நான் தயாராக இல்லை.

எங்கள் வழக்கு கெட்டுப்போனது பணம் எடுக்கப்பட்ட நாளில் அல்ல, புகார் எழுதப்பட்ட நாளில். நான் வெளியூரில் இருந்தேன். அம்மா தனியாகத்தான் கிளைக்குள் சென்றார். புகார்ப் படிவம் ஆங்கிலத்தில் இருந்ததால், முகப்பில் இருந்த இளைஞர் உதவும் எண்ணத்துடன் அதைத் தாமே நிரப்பிக் கொடுத்தார். ‘மோசடி நடந்த விதம்’ என்ற இடத்தில் ‘ஓ.டி.பி. பகிரப்பட்டது’ என்ற கட்டத்தில் ஒரு டிக். அதற்குக் கீழே அம்மாவின் கையெழுத்து, தமிழில், சற்றே நடுங்கியபடி. அந்த இளைஞருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை; அவரிடம் அதுவரை வந்த புகார்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவையாக இருந்திருக்கலாம். ஆனால் பதினெட்டு நாள் கழித்து வந்த கடிதம், பரிவர்த்தனை முறையாக அங்கீகரிக்கப்பட்டுள்ளது என்றும், வாடிக்கையாளரே ஓ.டி.பி.யைப் பகிர்ந்திருப்பதால் இழப்புக்கு வங்கி பொறுப்பாகாது என்றும் சொல்லி, ஆதாரமாக அந்தப் படிவத்தையே காட்டியது.

அந்தக் கடிதத்தை இரண்டு நாள் வைத்துக்கொண்டு அழாத குறையாக இருந்த பிறகுதான் எனக்கு உறைத்தது: ஓ.டி.பி.யே கேட்காத ஒரு முறையில் ஓ.டி.பி.யை எப்படிப் பகிர முடியும்? பாஸ்புக்கில் ஏ.இ.பி.எஸ். என்று அவர்களே அச்சிட்டிருக்கிறார்கள், கடிதத்தில் ஓ.டி.பி. என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க வழியில்லை.

ஆகவே உங்களுக்கு நான் முதலில் சொல்வது, நீங்கள் கொடுத்த புகாரின் நகலை முத்திரையுடன் கேட்டு வாங்கி, அதில் உங்கள் பெயரால் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள் என்பதுதான். பதற்றத்தில் நீங்களும் யாரோ நிரப்பிய தாளில் கையெழுத்திட்டிருப்பீர்கள், அல்லது தொலைபேசியில் எதிர்முனையில் இருந்தவர் கேட்டதற்கெல்லாம் ‘ஆமாம்’ என்றிருப்பீர்கள். தவறு இருந்தால், நடந்ததை உங்கள் சொற்களில் எழுதி, முந்தைய படிவத்தில் உள்ள பிழையைச் சுட்டி, திருத்தக் கடிதமாகக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். உண்மையிலேயே ஓ.டி.பி.யைச் சொல்லியிருந்தால் அதை மறைக்க வேண்டாம். அப்போது விதி வேறு. வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்பட்ட இழப்பு உங்களுடையது, தெரிவித்த பின் ஏற்படுவது வங்கியுடையது. அந்த நிலையில் புகார் பதிவான மணியும் நிமிடமும்தான் உங்கள் ஆயுதம்.

இந்த விதிகள் எதுவும் நான் கற்பித்தவை அல்ல. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்டு, எங்கள் வழக்கின்போது நடப்பில் இருந்த சுற்றறிக்கையில் உள்ளவை. எங்கள் வழக்கு முழுவதும் அதை வைத்தே நடந்தது. தவறு வங்கியின் பக்கம் இருந்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. தவறு இருவரிடமும் இல்லாமல் மூன்றாமவரால் நடந்திருந்தால், வங்கியின் தகவல் கிடைத்து மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தவருக்கும் பொறுப்பில்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள்களுக்குள் என்றால் சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய் வரைதான் இழப்பு. புகார் வந்த பத்து வேலை நாள்களுக்குள் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாள்களுக்குள் புகாரைத் தீர்க்க வேண்டும். வாடிக்கையாளரிடம்தான் தவறு என்று நிரூபிக்கும் சுமை வங்கியின் தலையில் இருக்கிறது. இந்தக் கடைசி வரியைக் கிளையில் படித்துக் காட்டியபோது, மேலாளர் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். பத்து நாளில் வரவு எங்களுக்கு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். விதி இருப்பது வேறு, அது தானாக நடப்பது வேறு.

எஃப்.ஐ.ஆர். (காவல் துறையின் முதல் தகவல் அறிக்கை) இல்லாமல் எதுவும் முடியாது என்றும் வங்கியில் சொன்னார்கள். எங்களிடம் இருந்தவை 1930-இல் கிடைத்த ஒப்புகை எண்ணும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதும் மட்டுமே. சுற்றறிக்கையில் எஃப்.ஐ.ஆர். என்ற நிபந்தனை எங்கே உள்ளது என்று எழுத்தில் கேட்டோம். அதற்குப் பதில் வரவில்லை, அதன் பிறகு யாரும் எஃப்.ஐ.ஆர். கேட்கவும் இல்லை.

எங்கள் பக்கம் ஓட்டையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வங்கியில் பதிவாகியிருந்தது மறைந்த அப்பாவின் கைபேசி எண். அது எப்போதோ துண்டிக்கப்பட்டிருந்தது. நாங்கள் மாற்றியிருக்க வேண்டும், மாற்றவில்லை. ஆனால் யாருக்குமே போய்ச் சேராத அந்தக் குறுஞ்செய்திகளுக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அம்மாவின் கணக்கில் கட்டணம் தவறாமல் பிடிக்கப்பட்டிருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. பாஸ்புக்கில் பார்த்த நாளே எங்களுக்குத் தகவல் கிடைத்த நாள், அன்றே புகார் கொடுத்தோம் என்பது எங்கள் வாதம்.

சான்றாக எங்களுக்கு உதவியவை இரண்டு. ஆதார் ஆணையத்தின் தளத்தில், உங்கள் ஆதார் கடந்த ஆறு மாதத்தில் எப்போது, எந்த வகையில் சரிபார்க்கப்பட்டது என்ற வரலாற்றைப் பதிவிறக்கலாம். ஆதாரில் அம்மாவின் சொந்த எண் இருந்ததால் அது கிடைத்தது. முதல்முறை பணம் எடுக்கப்பட்ட நாளில் காலை பதினோரு மணிக்கு மேல் கைரேகைச் சரிபார்ப்பு இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை வென்றிருந்தது. அதே நாள், ஏறத்தாழ அதே நேரத்தில் அம்மா கண் மருத்துவமனையில் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். மருத்துவமனை ரசீதில் நேரமும் அச்சாகியிருந்தது; அதுதான் இரண்டாவது சான்று. பணம் எடுக்கப்பட்ட கருவி இருந்ததோ வேறொரு மாநிலத்தில்.

திருத்தக் கடிதத்துக்கும் வங்கி அசையாததால், முதல் புகார் கொடுத்து முப்பது நாள் கடந்ததும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் சென்றோம். அப்போது நடப்பில் இருந்த 2021ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த திட்டப்படி இணையத்திலும் புகார் செய்ய முடிந்தது, சண்டிகரில் உள்ள மையத்துக்கு அஞ்சலிலும் அனுப்ப முடிந்தது, கட்டணம் இல்லை. முக்கியமாக, அஞ்சலில் எந்த மொழியிலும் எழுத முடிந்தது. அம்மா தம் கையாலேயே இரண்டு பக்கம் தமிழில் எழுதினார். ‘எனக்கு ஓ.டி.பி. என்றால் என்னவென்று இந்தப் புகாருக்குப் பிறகுதான் தெரியும்’ என்பது அதில் ஒரு வரி. நான் எழுதியிருந்தால் அந்த வரி வந்திருக்காது. பதிவஞ்சலில் அனுப்பினோம்.

அதன் பிறகு வங்கியின் தொனி மாறியது. ஏறத்தாழ மூன்று மாதத்தில் 47,500 ரூபாயும் வரவானது. பணம் போன தேதியிலிருந்தே வரவைக் கணக்கிட வேண்டும் என்று சுற்றறிக்கை சொல்வதால் இடைக்கால வட்டியையும் கேட்டோம். சில நூறு ரூபாய்தான். அதற்காக மேலும் இரண்டு கடிதம் எழுதியதைப் பிடிவாதம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும், அதுவும் வந்தது.

உங்கள் பணம் கைரேகையால் அல்லாமல் வேறொரு கணக்குக்கு மாற்றப்பட்டு அங்கே முடக்கப்பட்டிருந்தால், அதை விடுவிக்கக் குற்றவியல் நடுவரிடம் மனு போட வேண்டியிருக்கலாம்; காவல் நிலையத்தில் கேளுங்கள். எங்களுடையது ரொக்கமாகவே போய்விட்டதால் அந்த அனுபவம் எனக்கு இல்லை.

அதே வங்கியில் தொடரலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஓய்வூதியம் அங்கேதான் வருகிறது என்று அம்மா தொடர்கிறார். கைபேசி எண்ணை மாற்றிவிட்டு, ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைத்திருக்கிறோம். நவம்பரில் உயிர்வாழ் சான்றுக்கு விரல் வைக்க வேண்டியிருப்பதால் அன்று மட்டும் என் கைபேசியில் திறந்து, வேலை முடிந்ததும் மீண்டும் பூட்டிவிடுவேன். சென்ற முறை திறக்க மறந்துவிட்டேன். அம்மா நான்கு முறை விரலை வைத்தும் கருவி ஏற்காததால் எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். நான் மன்னிப்புக் கேட்பதற்குள், “இரு, உடனே திறக்காதே, இன்னொரு தடவை வைத்துப் பார்க்கிறேன்” என்றார்.