பீரங்கிக் குண்டு குழலுக்குள் வெடிக்காமல், வெளியே போன பிறகு மட்டும் வெடிக்கத் தயாராவது எப்படி?

கேள்வி இதுதான்: சுடும்போது குண்டு வாங்கும் அடி, அது போய் விழும்போது வாங்கும் அடிக்குச் சளைத்ததல்ல. அப்படியிருக்க அது ஏன் குழலுக்குள்ளேயே வெடிப்பதில்லை? பீரங்கியிலிருந்து போதுமான தூரம் போய்விட்டோம் என்று அதற்கு எப்படித் தெரிகிறது? உள்ளே டைமர் ஏதும் இருக்கிறதா?

சுழன்று செல்லும் குண்டுகளில் இருக்கும் இயந்திரப் பாதுகாப்பு அமைப்பு நேரத்தையும் அளப்பதில்லை, தூரத்தையும் அளப்பதில்லை. தான் எத்தனை சுற்றுச் சுற்றினோம் என்று எண்ணுகிறது. தூரம் அதிலிருந்து தானாக வந்துவிடுகிறது. இதை விளக்க, முதலில் எதைப் பூட்டி வைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

குண்டின் மூக்கில் திருகிப் பொருத்தும் பகுதிக்கு ஃபியூஸ் என்று பெயர். மின்பெட்டியில் இருக்கும் ஃபியூஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குண்டின் வயிற்றில் நிரப்பியிருக்கும் முக்கிய வெடிமருந்து ஒரு மந்தமான சரக்கு. தட்டினாலும் கீழே போட்டாலும் எளிதில் வெடிக்காது. அதை எழுப்ப ஃபியூஸுக்குள் டெட்டனேட்டர் என்ற சின்னக் குப்பி இருக்கிறது. அதில் இருப்பது நேர்மாறானது, சின்ன அடிக்கும் பொறிக்கும் வெடித்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பாதையைத் திறப்பதா, மூடுவதா என்பதுதான் பாதுகாப்பு அமைப்பின் முழு வேலையும்.

பாதையை மூடும் விதம் மிக எளிமையானது. நாணயம் அளவுள்ள ஓர் உலோக வட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டெட்டனேட்டர் அந்த வட்டுக்குள் பதிந்திருக்கிறது. பெட்டியில் கிடக்கும்போதும், லாரியில் போகும்போதும், குழலில் ஏற்றும்போதும் வட்டு ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும். டெட்டனேட்டரைக் குத்தி வெடிக்கவைக்க மேலே இருக்கும் ஊசியும், டெட்டனேட்டரும், கீழே இருக்கும் அடுத்த கட்ட மருந்தும் ஒரே கோட்டில் இருக்காது. அந்த நிலையில் டெட்டனேட்டர் தானாகவே வெடித்துவிட்டால்கூட, அதன் அடி உலோகச் சுவரில் மோதி அடங்கிவிட வேண்டும். ‘ஆர்மிங்’ என்று சொல்வது இந்த வட்டு திரும்பி, எல்லாம் ஒரே கோட்டில் வந்து நிற்பதைத்தான். வெடிப்பது வேறு, வெடிக்கத் தயாராவது வேறு. இந்தத் துறையில் பலர் குழம்பும் இடம் இதுவே.

இனி, வட்டைப் பிடித்து வைத்திருக்கும் பூட்டுகள். அமெரிக்க ராணுவத்தின் மில்-எஸ்டிடி-1316 என்ற தரநிலையின் அடிப்படை விதி: குறைந்தது இரண்டு பூட்டுகள் வேண்டும், ஒன்றுக்கொன்று சார்பில்லாமல் இருக்க வேண்டும், இரண்டும் வெவ்வேறு வகையான தூண்டுதலுக்குத்தான் திறக்க வேண்டும். சுடுவதற்கு முன்பு தவறுதலாகத் தயார்நிலைக்கு வரும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது. சுழலும் குண்டுக்கு அந்த இரண்டு தூண்டுதல்களும் இயற்கையாகவே கிடைக்கின்றன. ஒன்று, சுடும்போது பின்னோக்கித் தள்ளும் விசை. மற்றொன்று, சுழற்சி.

எண்ணிக்கையில் பார்த்தால் இவை எவ்வளவு பெரியவை என்று புரியும். 155 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். குழலின் நீளம் சுமார் 6 மீட்டர். குண்டு வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்றால், குழலுக்குள் அது இருப்பது ஏறத்தாழ 15 மில்லிவினாடிதான். சராசரி முடுக்கம் புவியீர்ப்பின் 5,000 மடங்குக்கு மேல், உச்சத்தில் 10,000 மடங்கையும் தாண்டும். ஒரு கிராம் எடையுள்ள சின்ன ஊசி அந்த நேரத்தில் 10 கிலோ கனக்கும். ஸ்பிரிங்கின் பலத்தில் நிற்கும் முதல் பூட்டு அப்போது பின்னோக்கி அமுங்கி விலகுகிறது.

சுழற்சியைத் தருவது குழலின் உட்சுவரில் திருகுபோல் ஓடும் சுரிவெட்டு. குண்டின் இடுப்பில் இருக்கும் மென்மையான உலோகப் பட்டை அந்த வெட்டுகளில் கடித்துக்கொண்டு குண்டைத் திருப்புகிறது. இவ்வகைப் பீரங்கிகள் பலவற்றில் சுரி 20 குழல்விட்டத்துக்கு ஒரு முழுச் சுற்று, அதாவது 3.1 மீட்டருக்கு ஒரு சுற்று. 800-ஐ 3.1-ஆல் வகுத்தால் வினாடிக்கு 258 சுற்றுகள், நிமிடத்துக்கு 15,000-க்கு மேல். அச்சிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு கிராம் பொருளை 2.7 கிலோ எடைக்குச் சமமான விசை வெளியே இழுக்கும். இரண்டாவது பூட்டு இந்த இழுப்பில் பக்கவாட்டாக விலகுகிறது.

இந்த இரண்டும் ஏன் தற்செயலாக நடந்துவிடாது என்பதையும் பார்க்க வேண்டும். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து குண்டு சிமெண்ட் தரையில் விழுந்தாலும் ஆயிரக்கணக்கான மடங்கு அதிர்ச்சி வரலாம். ஆனால் அது ஒரு மில்லிவினாடிக்கும் குறைவாகவே நீடிக்கும். அதனால் நல்ல வடிவமைப்பில் முதல் பூட்டு அதிர்ச்சியின் உச்சத்தை மட்டும் பார்ப்பதில்லை, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதையும் பார்க்கிறது. விழும் குண்டின் வேக மாற்றம் வினாடிக்கு 5 மீட்டரைச் சற்றே தாண்டும், சுடப்பட்ட குண்டினுடையது 800. சோதனைக்கூடத்தில் 12 மீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பார்ப்பார்கள். அப்போதும் வேகம் வினாடிக்கு 15 மீட்டர்தான். இடைவெளி அவ்வளவு பெரியது.

உருண்டு ஓடினால்? அதே குண்டு வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் சரிவில் உருண்டால் வினாடிக்கு 20 சுற்றுதான் சுற்றும். மையவிலக்கு விசை சுற்றுவேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், சுடும்போது வரும் விசையில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. குண்டைத் தள்ளும் மருந்தைக் குறைத்துச் சுடும்போதுள்ள விசையோடு ஒப்பிட்டாலும் 5 சதவீதத்தைத் தொடாது. ஸ்பிரிங் அதற்கு அசையாது.

குழலுக்குள்ளேயே சுழற்சி வந்துவிடுகிறதே, இரண்டாவது பூட்டு அங்கேயே திறந்துவிடாதா என்று கேட்கலாம். நியாயமான சந்தேகம். பின்னோக்கித் தள்ளும் விசை இங்கே இன்னொரு உதவியும் செய்கிறது. குண்டு முடுக்கப்படும் வரை உள்ளே இருக்கும் ஒவ்வொரு உறுப்பும் தன் இருக்கையில் பெரும் பாரத்தோடு அழுந்திக் கிடக்கிறது. அந்த உராய்வில் இரண்டாவது பூட்டான பக்கவாட்டு ஊசிகள் எளிதில் நகர முடியாது. குழல்வாயைத் தாண்டிய கணம் முடுக்கம் நின்றுவிடுகிறது, காற்றின் தடையால் குண்டு மெல்ல வேகமிழக்கத் தொடங்குகிறது, அழுத்தம் விலகுகிறது, சுழற்சியோ அப்படியே இருக்கிறது. ஊசிகள் அப்போதுதான் வெளியே பாய்கின்றன.

ஆனால் குழல்வாயிலேயே தயாராகிவிட்டாலும் ஆபத்துதான். முன்னால் ஒரு மரக்கிளை இருந்தால் போதும், சுட்டவர்கள் தலைமேலேயே வெடிக்கும். ஆகவே பூட்டுகள் திறந்த பிறகும் வட்டு மெதுவாகத் திரும்ப வேண்டும். கட்டுரை எழுதுபவர்கள் ஒரே வரியில் கடந்துபோகும் இந்தத் தாமதம்தான் முழு அமைப்பிலும் மிக அழகான பகுதி என்பது என் கருத்து.

வட்டின் எடை ஒரு பக்கம் கூடுதலாக இருக்கும்படி செய்திருப்பார்கள். குண்டு சுழலும்போது கனமான பக்கம் வெளியே போகப் பார்க்கும், அதனால் வட்டு திரும்பும். விட்டால் கண்ணிமைக்குமுன் திரும்பிவிடும். அதைத் தடுக்க, வட்டின் விளிம்பில் பல் வெட்டி, சில பல்சக்கரங்கள் வழியாகக் கடைசியில் ஒரு எஸ்கேப்மென்ட்டை இணைக்கிறார்கள். சாவி கொடுக்கும் கடிகாரத்தில் டிக் டிக் என்று ஆடி, சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடும் அந்த நங்கூரம் போன்ற உறுப்புதான். ஒரே ஒரு வேறுபாடு: கடிகாரத்தில் நங்கூரத்தின் ஆட்டத்தைக் கட்டுப்படுத்த ஊசலோ மயிரிழைச் சுருளோ இருக்கும், அதனால் உந்துவிசை கூடினாலும் குறைந்தாலும் டிக் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வரும். இங்கே அந்தச் சுருள் வேண்டுமென்றே இல்லை. தள்ளினால் தள்ளியபடி ஆடும்.

முதலில் பார்த்தால் இது மட்டமான கடிகாரம் என்று தோன்றும். அந்தக் குறையில்தான் சூட்சுமம் இருக்கிறது. சுருள் இல்லாத எஸ்கேப்மென்ட்டின் டிக் வேகம், தள்ளும் விசையின் வர்க்கமூலத்தில் ஏறும்: நான்கு மடங்கு தள்ளினால் இரண்டு மடங்கு வேகமாக ஆடும். வட்டைத் தள்ளும் மையவிலக்கு விசையோ சுற்றுவேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது: சுற்று இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சுற்று இரட்டித்தால் டிக்கும் சரியாக இரட்டிக்கிறது. அதாவது குண்டின் ஒரு சுற்றுக்கு இத்தனை டிக் என்பது மாறவே மாறாது. வட்டு திரும்பி முடிய இத்தனை டிக் வேண்டும் என்றால், குண்டு இத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று அர்த்தம்.

இந்தக் குழலில் ஒரு சுற்றுக்கு 3.1 மீட்டர் என்பது நிலையானது. உதாரணத்துக்கு 25 சுற்று என்று வைத்தால் தூரம் 77 மீட்டர் சொச்சம். 800 மீட்டர் வேகத்தில் அதற்கு 0.097 வினாடி ஆகும். குறைந்த மருந்து போட்டு 300 மீட்டர் வேகத்தில் சுட்டால் 0.26 வினாடி ஆகும். நேரம் மாறுகிறது, தூரம் மாறுவதில்லை. முதல் நூறு மீட்டருக்குள் காற்றுத் தடையால் வேகமோ சுழற்சியோ குறிப்பிடும்படி குறைவதும் இல்லை. நல்ல கடிகாரம் ஒன்றை வைத்து 0.1 வினாடி என்று நிர்ணயித்திருந்தால், முதல் குண்டு 80 மீட்டரிலும் இரண்டாவது 30 மீட்டரிலும் தயாராகியிருக்கும்.

கையடக்க 40 மில்லிமீட்டர் குண்டெறிகளிலும் இதே எண்ணம்தான். வேகம் வினாடிக்கு 76 மீட்டர் அளவே என்பதால் சுழற்சி நிமிடத்துக்கு 3,700 அளவில் இருக்கும், தயாராகும் தூரம் ஏறத்தாழ 14 முதல் 27 மீட்டர். மோர்ட்டார் குண்டுகள் பெரும்பாலும் சுழலாமல் வால் இறகால் நிலைநிற்பவை. அவற்றுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

தாமதத்துக்கு வேறு வழிகளும் உண்டு. சிறிய குண்டுகளில் வட்டுக்குப் பதிலாக உருண்டை வைப்பார்கள். டெட்டனேட்டர் அதன் குறுக்கே சாய்வாக இருக்கும். சுழலும் எந்தப் பொருளும் தன் நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) அதிகமாக உள்ள அச்சைச் சுழல் அச்சோடு சேர்த்துக்கொள்ளப் பார்க்கும். உருண்டை மெல்லப் புரண்டு நேராவதற்கு எடுக்கும் நேரமே தாமதம். சுருட்டி வைத்த உலோக நாடா சுழற்சியில் ஒவ்வொரு சுற்றாகப் பிரிந்து வழிவிடும் வகையும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் உருவாக்கிய, இலக்கின் அருகே வந்ததும் தானே வெடிக்கவைக்கும் அருகுணர் ஃபியூஸில் பாதரசம் இந்த வேலையைச் செய்தது. மின்சாரத்தைக் குறுக்குவழியில் திருப்பிவிட்ட பாதரசம், சுழற்சியால் நுண்துளைச் சுவர் ஒன்றின் வழியே கசிந்து வெளியேறிய பிறகுதான் டெட்டனேட்டருக்கு மின்சாரம் போகும். அதன் மின்கலத்தில் திரவம் கண்ணாடிக் குப்பியில் தனியாக இருந்தது. சுடும் அதிர்ச்சியில் குப்பி உடையும், சுழற்சி திரவத்தைத் தகடுகளுக்கு இடையே பரப்பும். 1943 ஜனவரி 5 அன்று ஹெலினா என்ற போர்க்கப்பல் இந்த ஃபியூஸைக் கொண்டு ஜப்பானிய விமானம் ஒன்றை முதன்முதலாக வீழ்த்தியது.

எங்கே தவறு நடக்கிறது? பெரும்பாலும் மிகச் சாதாரணமான இடங்களில். பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்து மசகு கெட்டியாகிவிட்டால் பல்சக்கரம் தயங்கும். ஈரம் புகுந்து துரு பிடித்தால் ஊசி இருக்கையிலேயே ஒட்டிக்கொள்ளும். தேய்ந்துபோன குழலில் இடுப்புப் பட்டை வழுக்கினால் ஒரு மீட்டருக்கு வர வேண்டிய சுற்று வராது, தயாராகும் இடம் தள்ளிப்போகும், அல்லது பூட்டே திறக்காது. இவற்றில் பெரும்பாலானவை ‘வெடிக்காமல் போவது’ என்ற பக்கமே சாயும். வடிவமைப்பவர்கள் தெரிந்தேதான் இப்படிச் செய்கிறார்கள்: சந்தேகம் வந்தால் வெடிக்காதே. சுடுபவர்களின் உயிரை வைத்துப் பார்த்தால் சரியான முடிவு. ஆனால் அதன் விலையைப் பிறகு அந்த நிலத்தை உழுபவர்கள் கொடுக்கிறார்கள்.

காரணம், வெடிக்காமல் கிடக்கும் குண்டு மூன்று நிலைகளில் இருக்கலாம். வட்டு அசையவே இல்லை என்பது ஒன்று. பாதி திரும்பிச் சிக்கியிருப்பது இன்னொன்று. முழுவதும் திரும்பி, எல்லாம் ஒரே கோட்டில் நின்று, சேற்றில் மெதுவாக இறங்கியதால் ஊசி மட்டும் குத்தாமல் இருப்பது மூன்றாவது. சுழற்சி நின்றதும் வட்டு பழைய இடத்துக்குத் திரும்பிவிடும் என்று நினைக்கக் கூடாது. பொதுவாக அது தயார்நிலையில் போய்ப் பூட்டிக்கொள்ளும்படிதான் செய்யப்படுகிறது. மேலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே துருப்பிடித்த இரும்புத்துண்டு. நிபுணருக்கும் வெறும் கண்ணால் வித்தியாசம் தெரியாது. லாவோஸில் 1964 முதல் 1973 வரை 27 கோடிக்கும் மேற்பட்ட கொத்துக்குண்டுச் சிறுகுண்டுகள் வீசப்பட்டன. அவற்றில் மிகப் பரவலாக இருந்தவை, விழும்போது மேற்பரப்பில் புடைத்திருக்கும் வரிகளில் காற்றுப் பட்டுத் தானே சுழன்று தயாராகும் உருண்டைகள். 30 சதவீதம் வரை வெடிக்காமல் தங்கின என்பது மதிப்பீடு. டென்னிஸ் பந்து அளவுள்ள அந்த உருண்டைகளை எடுத்து விளையாடிய குழந்தைகள் இன்றும் கை கால்களை இழக்கிறார்கள்.

ஆகவே இப்படி ஒன்றைப் பார்க்க நேர்ந்தால், தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், மண் போட்டு மூடாதீர்கள். வந்த தடத்திலேயே திரும்பி நடங்கள், பக்கத்தில் இன்னொன்று கிடக்கலாம். தூரத்திலிருந்து தெரியும்படி அடையாளம் வைத்து, மற்றவர்களைத் தடுத்து நிறுத்தி, காவல்துறைக்கோ கண்ணிவெடி அகற்றும் குழுவுக்கோ இடம், தோராயமான அளவு, வடிவம் மூன்றையும் சொல்லுங்கள். அவர்களும் பெரும்பாலும் அதைப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். வட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாததால், கிடக்கும் இடத்திலேயே வெளியிலிருந்து வெடிக்கவைத்து அழிப்பார்கள்.