தோட்டத்தில் தானாக முளைத்த கஞ்சா: விதைக்காக விட்டுவைக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் கம்பம். அப்பாவுக்கு இடுக்கி மலையில் ஏலத்தோட்டம் இருக்கிறது. மழைக்குப் பிறகு ஓடையோரமாக ஏழெட்டு கஞ்சா செடிகள் தாமாகவே முளைத்திருக்கின்றன. அந்தக் காலத்து இடுக்கி நாட்டு ரகம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அறிமுகமான ஒரு வெளிநாட்டுக்காரர் விதை கேட்கிறார், பணமும் தருகிறாராம். எனக்குப் பணம் பெரிதில்லை, ரகம் அழியக் கூடாது. நாலு செடியை மட்டும் விட்டுவைத்து விதை எடுத்தால் குற்றமா?

பதில்: குற்றம்தான். ரகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்டிபிஎஸ் சட்டம் நாட்டு ரகம், ஒட்டு ரகம் என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

அந்தச் சட்டத்தில் 'கஞ்சா' வேறு, 'கஞ்சா செடி' வேறு. கஞ்சா என்றால் பூவும் காயும் பிடித்த நுனிப்பகுதி. அதோடு சேராமல் தனியாக இருக்கும் விதையும் இலையும் அந்த வரையறைக்குள் வராது. 'விதை சட்டப்படி சரி' என்று பலர் சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் அனுமதியில்லாமல் செடியைப் பயிரிடுவதே தனிக் குற்றம்: பிரிவு 20(ஏ), 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். நாலு செடிதானே என்ற சலுகை அதில் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. விதை எடுக்க வேண்டுமானால் செடி பூத்துக் காய்க்க வேண்டும், அந்த நுனியை நீங்கள் பறித்து உதிர்க்க வேண்டும். அந்த நிமிடமே உங்கள் கையில் இருப்பது விதை மட்டுமல்ல, கஞ்சா.

'தானாகத்தானே முளைத்தது?' என்று கேட்பீர்கள். நியாயமான வாதம். 2004-இல் வெளிவந்த அலக் ராம் வழக்குத் தீர்ப்பில், நிலத்தில் செடி இருந்தது என்பதால் மட்டும் அவர் பயிரிட்டார் ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி விடுதலை செய்தது. ஆனால் அங்கே பயிரிட்டதற்குச் சான்று இல்லை. தெரிந்த பிறகு நீங்கள் களையெடுத்து, தண்ணீர் விட்டு, காய்க்கும்வரை காத்திருந்தால் அந்த வாதம் போய்விடும். விதை பற்றிய உங்கள் வாட்ஸ்அப் உரையாடலையே அரசுத் தரப்பு சான்றாகக் காட்டும். பிரிவு 35-இன்படி குற்ற மனநிலை இருந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கும், இல்லையென்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்.

அடுத்தது பிரிவு 46. தன் நிலத்தில் சட்டவிரோதமாகக் கஞ்சா பயிராவது தெரிந்தால் நில உடைமையாளர் உடனே போலீசுக்கோ, கலால் போன்ற துறை அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். தானாக முளைத்தது 'பயிர்' ஆகுமா என்று வாதாடலாம். ஆனால் அதை உங்கள் அப்பாவை வைத்துச் சோதித்துப் பார்க்க நான் விரும்பவில்லை. கடமை அவருடையது, நிலம் அவர் பெயரில் இருக்கிறது.

வெளிநாட்டுக்காரருக்கு விதை அனுப்பும் எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி, இங்குள்ள உயிரியல் வளத்தை வெளிநாட்டவர் ஆய்வுக்கோ வணிகத்துக்கோ பெற, சென்னையில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். அதோடு, நடுவதற்கென்று தெரிந்தே விதை கொடுத்தால் என்டிபிஎஸ் சட்டத்தின் பிரிவு 29-இல் உடந்தை என்று சேர்க்கவும் வழியுண்டு.

உத்தராகண்டில் கஞ்சா பயிரிட உரிமம் தருகிறார்களே என்பீர்கள். 2018 முதல் அங்கே தொழிற்சாலைச் சணலுக்கு, அதாவது போதை குறைந்த கஞ்சா ரகத்துக்குத் தருகிறார்கள். போதை தரும் டிஎச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இமாச்சலப் பிரதேசத்து மலானா கிராமத்தில் சரஸ் (கஞ்சாப் பிசின்) தேய்த்து எடுக்கும் ரகமோ உங்கள் மலை ரகமோ அந்த வரம்புக்குள் நிற்காது. பழைய ரகங்களுக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லாமல் போனது எனக்கும் வருத்தம்தான்.

ஒன்று சொல்கிறேன், சட்டத்துக்கு அப்பாற்பட்டது. கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தம் காற்றில் வெகுதூரம் போகும். வங்காளத்து நவகாவ்ன் விவசாயிகள் ஆண் செடியைக் கண்டுபிடித்துப் பிடுங்குவதற்கென்றே கைதேர்ந்த ஆட்களை வைத்திருந்ததை கஞ்சாவை ஆராய ஆங்கிலேய அரசு அமைத்த 1893-94 இந்திய கஞ்சா போதைப்பொருள் ஆணையம் பதிவு செய்திருக்கிறது. வேறு ரகத்தின் மகரந்தம் கலக்காமல், நிறைய செடிகளை வைத்துத்தான் ஒரு நாட்டு ரகத்தைக் காக்க முடியும். நாலு செடியில் எடுக்கும் விதை அந்த ரகத்தின் ஒரு துணுக்குதான். அதற்காக 10 ஆண்டு அபாயத்தை எடுக்காதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? அறிவியல் தேவைக்குச் சட்டத்தில் வழியிருக்கிறது. ஆனால் அது அரசு அனுமதி பெற்றவர்களுக்கு. ஜம்முவில் உள்ள ஒருங்கிணைந்த மருத்துவ ஆய்வு நிறுவனம் அப்படித்தான் வளர்க்கிறது. எனவே அப்பா கையெழுத்திட்ட மனுவைச் சர்வே எண், முதலில் செடியைப் பார்த்த தேதி, படங்கள் எல்லாம் சேர்த்து, அருகிலுள்ள கலால் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். போகும்போது உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். 'இது பழைய உள்ளூர் ரகம் என்று சொல்லப்படுகிறது, அழிக்கும் முன் ஆய்வு மாதிரி எடுக்க அனுமதிக்க வேண்டுகிறேன்' என்று மனுவில் ஒரு வரி சேர்த்து, ஒரு நகலைத் திருச்சூரில் இருக்கும் தேசிய தாவர மரபணு வளப் பணியகத்தின் மண்டல நிலையத்துக்கு அனுப்புங்கள். அவர்கள் வருவார்கள் என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் கேட்பது குற்றமில்லை.

அதுவரை செடியை வெட்டவோ, பிடுங்கவோ, வீட்டுக்குக் கொண்டுவரவோ வேண்டாம், தோட்டத்து வேலையாட்களிடமும் சொல்லிவையுங்கள். அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், பதிலும் போடாதீர்கள். மனு நாளைக் காலையிலேயே போகட்டும்.