தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாண ஓட்டு: கேள்வி பதில்

கேள்வி (ஃபீனிக்ஸ்): 2024-ல் கையில் மூன்று சீட்டு கொடுத்தார்களே அண்ணா, மாகாணத்துக்கு எது?

இரண்டு நாடாளுமன்றத்துக்கு. அதில் ஒன்றில் கட்சிகள் மட்டும், மற்றதில் சுயேச்சைகளும் உண்டு. மூன்றாவதுதான் பீட்டர்மாரிட்ஸ்பர்கில் உட்காரும் மாகாணச் சட்டமன்றத்தின் 80 பேருக்கு. மூன்றிலும் அதே கட்சிச் சின்னங்கள் வருவதால், தலைப்பைப் படித்த பிறகே பேனாவை எடுங்கள். மூன்றிலும் ஒரே கட்சிக்குப் போட வேண்டும் என்றும் இல்லை.

கேள்வி (டோங்காட்): பதிவு இங்கே, வேலை ஜோகன்னஸ்பர்கில். அங்கேயே போடலாமா?

போடலாம், ஆனால் மாகாணச் சீட்டு கிடைக்காது. முன்கூட்டியே தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவித்திருந்தால் கட்சிகள் மட்டும் உள்ள தேசியச் சீட்டு ஒன்று மட்டும் தருவார்கள். 2024-ல் அதற்குக் கடைசி நாள் மே 17; வாக்குப்பதிவு மே 29. அதே மாகாணத்துக்குள் வேறு சாவடி என்றால், தெரிவித்தவர்களுக்கு மூன்றும் உண்டு. அங்கேயே குடியிருப்பவர் என்றால் பதிவையே ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்துக்கு மாற்றிவிடுங்கள். தேர்தல் தேதி அரசிதழில் வந்த அன்றே வாக்காளர் பட்டியல் மூடிவிடும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

கேள்வி: சாட்ஸ்வொர்த்துக்கு எம்.எல்.ஏ. யார்?

தனியாக யாரும் இல்லை. தொகுதியே கிடையாது, மாகாணம் முழுக்க ஒரே கணக்கு. கட்சி கொடுத்த பட்டியலில் மேலிருந்து எடுப்பார்கள். ஒருவர் விலகினாலும் இடைத்தேர்தல் இல்லை, பட்டியலில் அடுத்தவர் வருவார். ஆகவே தலைவர் படத்தை விட்டுவிட்டு முதல் பத்துப் பெயரைப் பாருங்கள்.

கேள்வி (வெருலம்): சின்னக் கட்சிக்குப் போட்டால் ஓட்டு வீண்தானே ஐயா?

அப்படிச் சொல்ல முடியாது. இத்தனை சதவீதம் வாங்கியே ஆக வேண்டும் என்ற வரம்பு இங்கே இல்லை. செல்லும் ஓட்டை 81-ஆல் வகுத்து (இடங்கள் 80, கூட ஒன்று), வருவதோடு 1 கூட்டி, பின்னத்தை விட்டுவிடுவார்கள். 8,10,000 ஓட்டு என்று வையுங்கள்: ஓர் இடத்தின் விலை 10,001. 24,000 வாங்கிய கட்சிக்கு இரண்டு இடம் போக மிச்சம் 3,998. 6,000 வாங்கிய கட்சிக்கு முழு இடம் இல்லை, ஆனால் அந்த 6,000 முழுதும் மிச்சமாக நிற்கும். மீதி இடங்களை அதிக மிச்சம் உள்ளவருக்கே முதலில் தருவதால், இந்தச் சின்னக் கட்சி அந்தப் பெரிய கட்சியை முந்திவிடும்.

2024-ல் என்.எஃப்.பி. என்ற சின்னக் கட்சி பிடித்தது ஒரே ஓர் இடம். அந்த ஓர் இடம்தான் முதல்வரைத் தீர்மானித்தது: ஒரு பக்கம் எம்.கே. கட்சி 37, ஈ.எஃப்.எஃப். 2, சேர்த்து 39; மறுபக்கம் ஐ.எஃப்.பி. 15, ஏ.என்.சி. 14, டி.ஏ. 11, என்.எஃப்.பி. 1, சேர்த்து 41. ஐ.எஃப்.பி.யின் தாமி ந்துலி முதல்வரானார். அதிக இடம் பிடித்த கட்சி வெளியே நின்றது. முதல்வரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. அந்த 80 பேர் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கேள்வி: தப்பான கட்டத்தில் போட்டுவிட்டால்?

பெட்டியில் போடாதவரை அதிகாரியிடம் கொடுத்துப் புதுச்சீட்டு கேளுங்கள். அடித்துத் திருத்தாதீர்கள். பெயரோ ஐடி எண்ணோ எழுதினாலும், பின்புறம் முத்திரை இல்லாவிட்டாலும் செல்லாது. சீட்டை வாங்கும்போதே திருப்பி முத்திரையைப் பாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு நடக்க முடியாது அக்கா.

சிறப்பு ஓட்டுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். அதிகாரிகள் வீட்டுக்கே வருவார்கள்.

கேள்வி: மதுரையிலிருந்து வந்து நிரந்தர வசிப்பு அனுமதி வாங்கியிருக்கிறேன். ஓட்டு உண்டா?

இல்லை, குடிமக்களுக்கு மட்டும்.

கேள்வி: டிரைவிங் லைசென்ஸ் போதுமா?

போதாது. பச்சை ஐடி புத்தகம், ஸ்மார்ட் ஐடி கார்டு, அல்லது செல்லுபடியாகும் தற்காலிக ஐடி சான்று. வரிசை நீளமாக இருந்தாலும் பயப்படாதீர்கள். இரவு 9 மணிக்கு வரிசையில் நிற்பவர் எல்லாருக்கும் ஓட்டு உண்டு.