முதலில் யூடியூப், அப்புறம் வாத்தியாரா?

ஈரோட்டு மிருதங்க வாத்தியார் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: வணக்கமுங்க ஐயா. பையனுக்கு 10 வயசு. கோயில் கச்சேரியில பார்த்ததிலிருந்து மிருதங்கம் வேணும்னு ஒரே பிடிவாதம். எங்க ஊர்ப் பக்கம் சொல்லித்தர ஆளில்லைங்க. ஆறு மாசம் யூடியூப் பார்த்துப் பழகட்டும், ஆர்வம் நிலைச்சுதுன்னா ஈரோட்டுக்கு அனுப்பலாம்கிறார் வீட்டுக்காரர். சரிங்களா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: உங்க வீட்டுக்காரர் சொன்னதை அப்படியே திருப்பிப் போடுங்க அம்மிணி. முதல் ஆறு மாதம் பையன் வாத்தியார் முன்னால் உட்காரட்டும். ஈரோட்டுக்குக் கவுந்தப்பாடி வழியாகத்தான் பஸ் ஓயாமல் ஓடுகிறதே. கை படிந்த பிறகு பாதி வகுப்பைப் போனில் வைத்துக்கொள்ளலாம்.

முதல் பாடம் ‘த தி தொம் நம்’. நாலே சொல். அதில் ‘நம்’மை மட்டும் பாருங்கள். வலந்தலையில், அதாவது வலது பக்கத் தோலில், மோதிர விரல் கரணையின் (நடுவிலுள்ள கறுப்பு வட்டத்தின்) ஓரத்தில் பட்டும் படாமலும் நிற்க, ஆள்காட்டி விரல் மீட்டில் (ஓரத்து வளையத் தோலில்) விழ வேண்டும். மோதிர விரல் கொஞ்சம் அழுந்தினாலும் நாதம் செத்துப்போகும். அழுந்துகிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அடித்த பிறகு சத்தம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். வீடியோ காலில் முதலில் பலியாவது நின்று ஒலிக்கும் அந்தக் கார்வைதான். வீடியோ கால் மனிதர்கள் பேசிக்கொள்வதற்குச் செய்த ஏற்பாடு; பேச்சு தவிர மற்றதெல்லாம் அதற்கு இரைச்சல். சுருதிப் பெட்டியைக்கூட ஃபேன் சத்தம் என்று அமுக்கிவிடும். ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் கொஞ்சம் தேவலை. தொப்பி என்கிற இடது பக்கத் தோலின் ‘தொம்’மோ போன் ஸ்பீக்கரில் ‘டொக்’ என்றுதான் வரும். கேமராவை வலது பக்கம் வைத்தால் இடது கை தெரியாது, இடது பக்கம் வைத்தால் வலது கை தெரியாது.

யூடியூபில் நல்ல வித்வான்கள் வாசிப்பதையெல்லாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் பையன் வாசிப்பதை யூடியூப் கேட்காது! வீடியோ பார்த்துப் பழகி வருகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். மோரா, கோர்வை என்று முடிப்புக் கணக்கெல்லாம் மனப்பாடம். மூன்றாம் காலத்து வேகத்தில் வெளுத்துக் கட்டுவான். முதல் காலத்தில், நிதானமாக, நாலு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) சர்வலகு (சீரான நடை) வாசிடா கண்ணு என்றால் வேகம் கூடி ஓட ஆரம்பித்துவிடுவான். மணிக்கட்டு மரமாக இறுகியிருக்கும், அடி தோளிலிருந்து வரும். அதை அவிழ்ப்பதற்குள் அவனுக்கும் எனக்கும் சலித்துவிடும். ஆர்வம் இருக்கிறதா என்று சோதிக்க வீட்டுக்காரர் நினைக்கிறார். ‘நம்’ பேசாத கையோடு ஆறு மாதம் உட்கார்ந்தால் எந்தப் பிள்ளைக்கு ஆர்வம் நிலைக்கும்?

போனில் நன்றாக நடப்பது கொன்னக்கோல். கையில் தாளம் போட்டுக்கொண்டு சொற்கட்டை வாயால் சொல்லவைத்துவிடலாம். ஆனால் ஒன்று, தாளத்தைப் பையனே போட வேண்டும். நான் இங்கே போட்டு அவன் அங்கே வாசித்தால், சத்தம் போய் வருகிற தாமதத்தில் இருவரும் ஒருநாளும் சேர மாட்டோம். வாசிப்பதைத் தனியாக வீடியோ எடுத்து அனுப்பினால், நேரடி அழைப்பைவிட அதில் நாதம் நன்றாகவே கேட்கும்.

ஈரோட்டிலும் கரூரிலும் மாவட்ட அரசு இசைப்பள்ளி உண்டு, 3 வருடப் படிப்பு. பகல் நேரப் பள்ளி என்பதால் இப்போதைக்கு உங்கள் பையனுக்கு ஒத்துவராது. பிற்பாடு தோதுப்படலாம்.

கேள்வி: பனியன் கம்பெனியில் ஷிப்ட் வேலை. வயது 41. ஆன்லைனில் ஒரு வாத்தியாரைப் பிடித்துவிட்டேன். மிருதங்கத்தையும் ஆன்லைனிலேயே வாங்கிவிடலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: வாத்தியார் சரி, மிருதங்கம் வேண்டாமுங்க. ஷிப்ட் பார்க்கிற ஆளை வாரம் இரண்டு தடவை பஸ் ஏறச் சொன்னால் மூன்றாம் வாரம் நின்றுவிடுவீர்கள். மாதத்துக்கு ஒரு ஞாயிறாவது அந்த வாத்தியாரை நேரில் பாருங்கள், போதும்.

மிருதங்கத்தைப் படம் பார்த்து வாங்க முடியாது. பலா மரமா, சுருதி எது என்று தெரிய வேண்டும். நீளம் 22 அங்குலத்தை ஒட்டியது உயர்ந்த சுருதிக்கு, 24 அங்குலத்தை ஒட்டியது தாழ்ந்த சுருதிக்கு. தட்டிப் பார்க்க வாத்தியாரையோ வாசிக்கத் தெரிந்தவரையோ கடைக்குக் கூட்டிப்போங்கள். தோல் பிய்ந்தால் மூட்டு (வாத்தியத்தின் வாய்த்தோல்) போட யாரிடம் போவது என்பதையும் அங்கேயே கேட்டுவையுங்கள். தோல் வாரை இழுத்துப் பிடிப்பது சிரமம் என்று தோன்றினால் நட்டு போல்ட் வைத்த மிருதங்கமும் கிடைக்கிறது. பழகுவதற்கு அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டுவது எல்லா வீடியோவிலும் வருகிறது. வாசித்து முடித்ததும் சுரண்டித் துடைப்பதை ஏனோ பலர் காட்டுவதில்லை. அப்படியே விட்டால் ராத்திரி கரப்பான்பூச்சிக்கு விருந்து, தோலும் கெட்டுப்போகும்.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். வீடியோ பார்த்துத் தப்பட்டை கற்றுக்கொள்ள முடியுமா?
– வாசகி, காங்கேயம்

பதில்: இது என் வாத்தியம் இல்லை, தெரிந்த அளவு சொல்கிறேன். அடியைப் பிடித்துவிடலாம், ஆட்டத்தைப் பிடிக்க முடியாது. வரிசையில் நின்று, பக்கத்து ஆள் கால் எடுக்கும்போது நீங்களும் எடுத்து, அதற்கு நடுவில் இரண்டு கைக்கும் வேறு வேறு வேலை கொடுக்க வேண்டும். உங்கள் பக்கத்து ஊர்த் திருவிழாவில் அடிக்கிற குழுவிடம் போய்க் கேளுங்கள் அம்மிணி. தோலை எந்தத் தீயில் எவ்வளவு நேரம் காய்ச்சுவது என்பதையும் அவர்களிடம் நின்றால்தான் பார்க்க முடியும். குச்சியை மட்டும் முன்கூட்டியே வாங்கிவிடாதீர்கள். தடித்த குச்சி, மெல்லிய மூங்கில் குச்சி இரண்டையும் உங்கள் கைக்கேற்ப அவர்களே சீவித் தருவார்கள்.