மார்பகப் புற்றும் சிக்னல் மரபணுக்களும்: தஞ்சாவூர் பெத்தாலஜி டாக்டரிடம் கேட்டவை

கும்பகோணம் வாசகி: அம்மாவின் பயாப்சியில் ஹெர்2 பாசிட்டிவ். எனக்கும் வருமா?

அந்த ரிப்போர்ட் கட்டியைப் பற்றியது, குடும்பத்தைப் பற்றியது அல்லம்மா. ஹெர்2 என்பது செல்லைப் பெருகச் சொல்லும் சிக்னல் மரபணு. அதன் பிரதிகள் பெருகுவது கட்டிக்குள் பின்னால் உண்டாவது. பரம்பரைக்குப் பார்ப்பது பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்களை. அவை சிக்னல் மரபணுக்களே அல்ல, டிஎன்ஏவைப் பழுது பார்க்கிறவை. இருந்தாலும் தாய்க்கு வந்திருப்பதால், மேமோகிராம் எப்போது தொடங்குவது என்று டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

திருவாரூர் விலங்கியல் ஆசிரியர்: ஹெர்2 மரபணுவின் டிஎன்ஏ எழுத்தே மாறவில்லை என்றால் என்ன கோளாறு?

இப்படிக் கேளுங்கள்! பெரும்பாலும் மாறுவது எண்ணிக்கைதான் சார். 17-ஆம் குரோமோசோமில் இருக்கும் ஹெர்2, ஒரு செல்லில் இரண்டு பிரதிதான் இருக்க வேண்டும். பிரதிகளை எண்ணும் ஃபிஷ் டெஸ்டில் ஒளிப்புள்ளியாகத் தெரியும். சில கட்டிகளில் எண்ண முடியாமல் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். அத்தனையும் புரதம் செய்தால் செல்லின் மேற்பரப்பில் நெரிசல். வெளியிலிருந்து வளர்ச்சிச் செய்தி வராமலே அந்தப் புரதங்கள் ஜோடி சேர்ந்து, ‘பெருகு, பெருகு’ என்று உள்ளே சொல்லிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட கட்டிகள் சிகிச்சைக்குப் பின் சீக்கிரம் திரும்பி வருவதை 1987-ல் டென்னிஸ் ஸ்லேமன் குழு காட்டியது. அதைத் தடுக்கும் டிராஸ்டுசுமாப் ஊசிக்கு அமெரிக்காவில் 1998-ல் அனுமதி கிடைத்தது.

மன்னார்குடி வாசகர்: அக்காவுக்கு ஹெர்2 பாசிட்டிவ். அவர் மகளுக்கு வருமா?

கும்பகோணத்துக்குச் சொன்னதேதான்.

பாபநாசம் வாசகர்: ரிப்போர்ட்டில் 2+. ஊசி தொடங்கலாமா?

ஹெர்2 புரதத்துக்குச் சாயமேற்றிப் பார்த்துத் தரும் மதிப்பெண் அது; 2+ என்றால் ரெண்டுங்கெட்டான். முதலில் ஃபிஷ் பாருங்கள். அதற்குக் கட்டித் துண்டை மெழுகில் பதித்த பாராஃபின் பிளாக் வேண்டும், வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். எடுத்த கட்டியை உடனே ஃபார்மலினில் போடச் சொல்லுங்கள். சலைன் பாட்டிலில் மிதந்தபடி பஸ்ஸில் வந்து சேரும் கட்டியைப் பார்த்து ஹெர்2 பற்றி எவராலும் சத்தியம் பண்ண முடியாது.

திருவாரூர் ஆசிரியர், மறுபடி: ஊசி சிலருக்கு ஏன் கேட்பதில்லை?

மயிலாடுதுறை மருந்துக்கடைக்காரர்: போலி மருந்தாக இருக்கும்.

ஆசிரியர்: எல்லாவற்றுக்கும் போலிதானா ஐயா?

சண்டை வேண்டாம். ஹெர்2 தரும் செய்தி கீழே பிஐ3 கைனேஸ், ஏகேடி என்ற புரதங்கள் வழியே இறங்குகிறது. தலைமதகை அடைத்தாலும் கீழே கரை உடைந்தால் வயலில் தண்ணீர் ஏறத்தானே செய்யும்? பிஐ3 கைனேஸைச் செய்யும் பிஐகே3சிஏ மரபணு மாறியிருந்தாலோ, அந்த வழியை அடக்கும் பிடென் மரபணு தொலைந்திருந்தாலோ அதுதான் கதை. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் செய்தியை வாங்கும் ஏற்பி உள்ள, ஹெர்2 நெகட்டிவ் கட்டிகளில் சுமார் 40 சதவீதத்தில் பிஐகே3சிஏ மாற்றம் உண்டு. அவர்களில் நோய் முற்றியவர்களுக்கு 2019-ல் பிஐ3 கைனேஸைத் தடுக்கும் அல்பெலிசிப் மருந்து வந்தது. அதில் சர்க்கரை ஏறும். இன்சுலினும் அதே வழியில்தான் பேசுகிறது.

நாகை வாசகி: ஹெர்2 பரம்பரையா?

மேலே படியுங்கள், தயவுசெய்து.

பட்டுக்கோட்டை வாசகர்: டிராஸ்டுசுமாப் போடும்போது எக்கோ (இதய ஸ்கேன்) எதற்கு?

இதயத் தசைக்கும் ஹெர்2 சிக்னல் தேவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொன்னால் தள்ளிப் போடாதீர்கள். அப்புறம் பாபநாசத்துக்காரரே, பிளாக்கை வாங்கி வைத்தீர்களா?