வன்னிக்குக் குடிவரும் தங்கைக்கு: மாமி வீட்டைத் திருத்துவது பற்றி

தங்கச்சி,

உங்கள் கேள்வி எனக்கு விளங்கிய அளவில் இதுதான். திருச்சிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர் நீங்கள். அங்கே இலங்கை அகதி முகாமில் இருந்தவரைக் கட்டிக்கொண்டு, இப்போது அவரோடு வட இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டானில் மாமியார் வீட்டுக்குக் குடிவரப் போகிறீர்கள். அங்கே ஏற்கெனவே அவருடைய தம்பி குடும்பமும் இருக்கிறது. இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு, இரண்டு அறை. கையில் கொஞ்சம் சேமிப்பு உண்டு. வந்ததும் சமையலறைச் சுவரை உடைத்துப் பெரிதாக்கி, தரைக்கு டைல்ஸ் போட்டுவிட்டால் எல்லாருக்கும் வசதி என்று நினைக்கிறீர்கள். இது சரிவருமா, அந்த ஊரில் பழகிவிட முடியுமா என்று கேட்கிறீர்கள்.

நானும் புதுக்கோட்டைக்காரிதான். மாங்குளம் பக்கம், மாமி, மச்சான் குடும்பம், நாங்கள் எல்லாரும் ஒரே கூரையில். ஊர் பழகிவிடும், அதற்குப் பயப்பட வேண்டாம். டைல்ஸும் சமையலறையும்தான் இப்போதைக்கு வேண்டாம்.

இந்திய வீடு என்றதும் இந்தியா கட்டிக் கொடுத்த வீடு என்று நம் பக்கத்தில் நினைத்துக்கொள்கிறோம். காசுதான் இந்தியாவினுடையது. கட்டியது அந்தந்த வீட்டுக்காரர்கள். புது வீட்டுக்கு 550,000 இலங்கை ரூபாய், அதுவும் மொத்தமாகக் கைக்கு வரவில்லை. அத்திவாரம் முடிந்தால் கொஞ்சம், சுவர் எழும்பினால் கொஞ்சம் என்று வங்கிக் கணக்குக்கு வரும். வேலை முடிந்த பிறகுதான் அடுத்த பகுதி. 2012, 2013-இல் எல்லாக் கிராமத்திலும் ஒரே நேரத்தில் வீடு எழும்பியதால் மணலுக்கும் மரத்துக்கும் மேசனுக்கும் அடிபிடி. விலை ஏறியது, கொடுத்த காசு ஏறவில்லை. நகை அடகுக்குப் போகாமல் கூரை ஏறிய வீடு எங்கள் ஒழுங்கையில் குறைவு.

போர் முடிந்த நேரம் வவுனியா மெனிக் பாம் முகாமில் கூடாரத்தில் இருந்துவிட்டு, திரும்பி வந்து பற்றைக்காட்டை வெட்டி, தகரக் கொட்டிலில் இருந்துகொண்டே கட்டிய வீடு அது. எங்கள் வீட்டில் ஒருமுறை குசினி, அதாவது சமையலறை, ஜன்னலைப் பெரிதாக்கும் பேச்சு வந்தது. மாமி கோபப்படவில்லை. "பிள்ளை, உந்தச் சுவரிலை இருக்கிற கல்லு முழுக்க நான் அரிஞ்சது. மழைக்கு முதல் முடிக்க வேணுமெண்டு லாம்பு வெளிச்சத்திலையும் நிண்டு அரிஞ்சனான்" என்றார். கல் அரிவது என்றால் சீமெந்தும் மணலும் குழைத்து அச்சில் போட்டு இறுக்கி, வெயிலில் வைத்து, நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றிப் பதமாக்குவது. உங்கள் மாமியும் அப்படி அரிந்தவராக இருக்கலாம். நீங்கள் உடைக்க நினைக்கும் சுவர் அவருக்கு வெறும் சுவர் இல்லை. வந்து இறங்கியதும் மேசனைக் கூப்பிட்டு அளவெடுத்தால், உங்கள் மனதில் உள்ள நல்ல எண்ணம் யாருக்கும் தெரியப் போவதில்லை.

அதனால் முதல் காசு கூரைக்குப் போகட்டும். கூரை எல்லாருக்கும் பொது, அதைச் செய்தவளை யாரும் குறை சொல்ல முடியாது. இது தந்திரம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் கூரைக்கு உண்மையிலேயே வேலை இருக்கும். பத்து வருடம் தாண்டிய இந்த வீடுகளில் சுவர் பெரும்பாலும் நன்றாகத்தான் நிற்கிறது. அன்றைக்குக் காய்ந்த மரம் கிடைக்காமல் பச்சை மரத்திலேயே கைமரமும், ஓடு உட்காரும் குறுக்குச் சட்டமான சிலாகையும் அடித்தவர்கள் நிறையப் பேர். மரம் காய்ந்து முறுக்கிக்கொண்டால் ஓடு பொருத்தம் விட்டுவிடும். மிச்சத்தைக் குரங்கு பார்த்துக்கொள்ளும். காட்டில் பாலைப்பழம் இருக்கும் வரை அங்கே கிடக்கும், முடிந்ததும் ஊருக்குள் இறங்கும். மாமரத்திலிருந்து பலாவுக்குப் போக அதற்கு நம் கூரைதான் றோட்டு. வெயில் காலத்தில் ஓடு நகர்ந்தது கண்ணுக்குத் தெரியாது. ஐப்பசி அடைமழையில் நடு ஹாலில் வாளி வைக்கும்போதுதான் தெரியும்.

நீங்களே பார்க்க ஒரு வழி இருக்கிறது. உச்சி வெயில் நேரத்தில் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். ஓட்டுக்கு நடுவே வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரியும். நேர் கீழே தரையில் கரிக்கட்டியால் ஒரு புள்ளி போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த இடங்களில் சிலாகையை நீளத் தடியால் தட்டச் சொல்லுங்கள். நல்ல மரம் டங்கென்று கேட்கும். உளுத்தது பொத்தென்று கேட்கும், கூடவே மாவு கொட்டும். எத்தனை சிலாகை மாற்ற வேண்டும் என்று மேசன் வருவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும், அவர் கூட்டிச் சொல்லவும் முடியாது. ஓடு வாங்கப் போகும்போது பழைய ஓடு ஒன்றைக் கையில் கொண்டு போக வேண்டும். தங்கொட்டுவைப் பக்கத்திலிருந்து ஓடு வருகிறது, ஆனால் ஆலைக்கு ஆலை அச்சு கொஞ்சம் மாறும். மாறினால் ஒன்றன் மேல் ஒன்று சரியாக உட்காராது, ஒழுக்கும் நிற்காது.

ஓட்டைக் கழற்றிவிட்டு சீற் (கூரை ஷீட்) போடுங்கள் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். குரங்குக்கு அது நல்ல பதில்தான். ஆனால் சித்திரை வெயிலில் சீற்றுக்குக் கீழே ஒரு மத்தியானம் படுத்துப் பார்த்தவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். படுக்கிற அறைக்கு ஓடு, பின்பத்திக்கு, அதாவது வீட்டின் பின்னால் சாய்த்து இறக்கும் தாழ்வாரத்துக்கு, சீற். இது என் கட்சி.

கூரை வேலைக்குப் பங்குனி, சித்திரை நல்ல மாதம். மாசியில் காலபோகம் என்கிற மழைக்கால நெல்லின் அறுவடை, கூலிக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டால் கூரை திறந்த வீட்டுக்குள் புழுதி கொட்டும். ஆவணி, புரட்டாசியில் கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கும். கிணறு இறைத்துத் தூர்வார, ஆழமாக்க அதுதான் காலம். ஐப்பசிக்குப் பிறகு எதையும் திறந்து போட வேண்டாம். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்து கிளிநொச்சிப் பக்கம் வெள்ளத்தில் நின்றது, முல்லைத்தீவிலும் சேதம். 2020-இல் புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி இந்தப் பக்கமாகத்தான் போனது. பின்னால் எதையாவது சேர்த்துக் கட்டினால் பழைய வீட்டின் தள உயரத்துக்குக் குறையாமல் அத்திவாரத்தை எழுப்பச் சொல்லுங்கள். இரண்டு வரிசைக் கல்லை மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

மலசலகூடக் குழி புதிதாக வெட்டுவதென்றால் கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி வெட்ட வேண்டும். மண்ணில் இரும்புத் துண்டு, குழாய், உருண்டை என்று எது தட்டுப்பட்டாலும் கையால் எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டு கிராம அலுவலருக்குச் சொல்ல வேண்டும். கண்ணிவெடி அகற்றிய நிலம்தான், ஆனாலும் இங்கே பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லித்தான் வளர்க்கிறோம். தெரியாத மூலையில் குப்பையைக் குவித்துக் கொளுத்துவதும் வேண்டாம்.

இனி காணி. இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் டைல்ஸை விட இதுதான் முக்கியம். வன்னிக் குடியேற்றக் கிராமங்களில் நிறையக் காணி உறுதிக் காணி, அதாவது சொந்தப் பத்திரம் உள்ள காணி, இல்லை. 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி, ஊர்ப் பேச்சில் பெர்மிற் காணி. பெர்மிற்காரர் தனக்குப் பிறகு யாருக்கு என்று பின்னுரித்தாளர் பெயரைப் பதிந்து வைக்கலாம். பிரதேச செயலகத்தின் அனுமதி இல்லாமல் விற்கவோ துண்டு போடவோ முடியாது. "பின்வளவை எங்களுக்கு எழுதித் தந்தால் தனி வீடு கட்டுவோம்" என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வதெல்லாம் நம் ஊர்க் கணக்கு. உங்கள் பேரில் வாங்கலாம் என்றும் யோசிக்காதீர்கள். நீங்கள் இந்தியக் குடிமகள், வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதை 2014-இல் வந்த சட்டம் பொதுவாகத் தடுக்கிறது.

எனவே செலவு செய்வதற்கு முன்னால் பெர்மிற் யார் பேரில், பின்னுரித்தாளர் யார் என்று தெரிய வேண்டும். கேட்பது நீங்களாக இருக்கக் கூடாது. வந்த மருமகள் வாய் திறந்து முதலில் கேட்டது காணியைத்தான் என்று பேர் வந்தால் அது லேசில் போகாது. மகன் தாயிடம் கேட்கட்டும், தம்பியும் பக்கத்தில் இருக்கும்போது கேட்கட்டும். தம்பி பேர் பதிந்திருந்தால் அதில் சண்டை ஒன்றுமில்லை. இத்தனை வருடம் தாயோடு இருந்தவர் அவர்தானே. ஆனால் உங்கள் காசைச் சுவரிலும் தரையிலும் போடாதீர்கள். கழற்றிக்கொண்டு போகக்கூடியதில் போடுங்கள்: தண்ணீர் மோட்டர், தாங்கி, சீற், அலுமாரி. பொதுச் செலவை ஒரு கொப்பியில் எழுதி ஹாலில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் மச்சாள், அதாவது மச்சானின் மனைவி, எழுதுவார், அவர் கையெழுத்துத்தான் அழகு.

கரண்ட் செலவும் அந்தக் கொப்பிக்குள் வரும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக ஓடிய பழக்கத்தோடு வராதீர்கள். இங்கே மாதாமாதம் பில், அலகு கூடக் கூட ஒரு அலகின் விலையும் ஏறும். இரண்டு குடும்பம் ஒரே மீற்றரில் ஓடினால் ஏறிய விலையில்தான் நிற்கும். பாதிப் பாதி என்று போட்டாலும், மோட்டர் ஓடியது யாருக்கு என்று ஒரு நாள் பேச்சு வரும்.

சமையலறைக்கு வருகிறேன். சுவரை உடைக்க வேண்டாம் என்றேனே தவிர, ஒரே அடுப்பில் காலம் முழுக்க ஓட்டுங்கள் என்று சொல்லவில்லை. கூரை வேலை முடிந்து ஒரு மழைக்காலமும் போன பிறகு, பின்பக்கம் ஒரு பத்தி இறக்கி அதில் உங்கள் அடுப்பை வையுங்கள். நான்கு தூண், அரைச் சுவர், மேலே சீற், போதும். தூண் மரம் வேம்பாக இருந்தாலும் அடியில் கழிவு ஒயில் பூசித்தான் நட வேண்டும், கறையான் இந்த மண்ணோடு பிறந்தது. "இரண்டு அடுப்பு எரிஞ்சால் வீடு பிரிஞ்சிட்டு" என்று அயலில் பேசுவார்கள். பேசட்டும். எங்கள் வீட்டில் இரண்டு அடுப்பு வந்த பிறகுதான் சாப்பாடு இங்கிருந்து அங்கே போகவும் அங்கிருந்து இங்கே வரவும் தொடங்கியது. இரவுப் புட்டும் சொதியும் அந்தப் பக்கத்திலிருந்து வரும், ஞாயிற்றுக்கிழமை இட்லி இந்தப் பக்கத்திலிருந்து போகும். உளுந்து வன்னியிலேயே நன்றாக விளைகிறது, அதற்குக் கவலை இல்லை. மாமியின் கறித்தூளில் மட்டும் கை வைக்காதீர்கள். வறுக்கிற பக்குவத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள், கேட்காமலே சொல்லித் தருவார்.

ஹாலைத் தட்டி வைத்து மறைத்து அறையாக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல் வரும். அந்த இரவு முல்லைத்தீவுப் பக்கம் சொந்தக்காரர் இல்லாத வீடு இருக்காது. எல்லாருக்கும் பாய் விரிக்க அந்த ஹால்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டுக்காரரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் படகேறியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் வன்னி அவருக்கும் புது ஊர்தான். பேச்சு அவர்களுடையதாக இருக்கும், ஆனால் மேசனோடு பேரம் பேசவும், பிரதேச செயலகத்தில் எந்த மேசைக்குப் போவது என்றும் அவருக்கும் தெரியாது. தம்பிக்குத்தான் தெரியும். அண்ணன் என்கிற நினைப்பில் தம்பியிடம் கேட்கக் கூச்சப்படுவார். முதல் சில மாதம் வீட்டில் சும்மா இருப்பவர்போல் கோபமும் வரும். எல்லாக் கேள்வியையும் அவரிடமே கேட்டு இன்னும் நெருக்காமல், மச்சாளிடம், அதாவது தம்பி மனைவியிடம், கேளுங்கள். சந்தை, பள்ளிக்கூடம், மருந்து, நல்ல தண்ணீர் எங்கே நிரப்புவது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

கொண்டு வர வேண்டியவை: பிறப்பு, திருமணச் சான்றிதழ்களின் மூலப்பிரதிகள். பிள்ளை அங்கே பிறந்திருந்தால், சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் குடியுரிமைப் பதிவை முடித்துக்கொண்டு வாருங்கள், இங்கே வந்து அலைவதை விட அது நல்லது. மிக்ஸி தாராளமாகக் கொண்டு வரலாம். மின்சாரம் இரண்டு நாட்டிலும் 230 வோல்ட்தான், புது வீடுகளில் சதுர முள் சொக்கற் இருக்கும், பிளக்கை மாற்றினால் போதும். கேஸ் ரெகுலேட்டரைச் சுமக்காதீர்கள். டைல்ஸ் அங்கே மலிவு என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அந்தப் பேச்சையே விடுங்கள்.

பெர்மிற் பிரதி ஒன்றைத் தம்பியிடம் சொல்லிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், முடிந்தால் பின்பக்கத்தையும் சேர்த்து. அதைப் பார்த்தால் பின்பத்தி எந்தப் பக்கம் இறக்குவது என்றும் சொல்கிறேன்.