கார்டில் அழித்த படம் திரும்ப வருகிறது, எஸ்எஸ்டியில் அழித்தது ஏன் வருவதில்லை?

கேமராவின் மெமரி கார்டு, லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் எஸ்எஸ்டி, இரண்டிலும் இருப்பது ஒரே ஃப்ளாஷ் சிப்தானே (மின்சாரம் போனாலும் தகவலை வைத்திருக்கும் சிப்), ஒன்றில் மீட்க முடிவது இன்னொன்றில் ஏன் முடியவில்லை என்று, எஸ்எஸ்டியில் அழித்த கோப்பு திரும்பக் கிடைக்காமல் கேட்டிருக்கிறீர்கள். சிப் ஒரே வகைதான். அழிக்கச் சொன்ன பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் வித்தியாசம். நான் கல்யாணப் படம் எடுக்கிறவன், இரண்டிலும் அடிபட்டிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணம். காலையில் முகூர்த்தம், மாலையில் ரிசப்ஷன். முகூர்த்தம் எடுத்த கார்டைக் காலி கார்டு என்று நினைத்து, மாலையில் கேமராவில் போட்டு ஃபார்மேட் கொடுத்துவிட்டேன். நான்கு படம் எடுத்த பிறகுதான் உண்மையான காலி கார்டு பையில் கண்ணில் பட்டது. வயிற்றில் புளியைக் கரைத்தது. தாலி கட்டும் படம் உட்பட எல்லாம் நான் ஃபார்மேட் கொடுத்த கார்டில்தான். வீட்டாரிடம் மூச்சு விடவில்லை. கார்டைக் கழற்றி, ஓரத்தில் இருக்கும் லாக் பொத்தானைத் தள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். (அந்தப் பொத்தான் கார்டுக்குள் எதையும் பூட்டுவதில்லை. கார்டைச் செருகும் ரீடர் அதைப் பார்த்து, எழுதாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.)

ஃபார்மேட் என்றால் முழுக்கத் துடைப்பது என்று நினைக்கிறோம். பெரும்பாலான கேமராக்கள், எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று குறித்துவைத்த அட்டவணையை மட்டும் புதிதாக எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. லாட்ஜின் பதிவேட்டைக் கிழித்துப்போட்டால் அறையில் தூங்குகிறவர் காணாமல் போய்விடுவாரா? அந்த அறையை வேறொருவருக்குக் கொடுக்கும்வரை அவர் அங்கேதான்.

இரவு வீட்டுக்கு வந்து போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். அது பதிவேட்டைப் பார்ப்பதே இல்லை. கார்டை முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு அறையாகத் தட்டிப் பார்க்கிறது. ஜேபெக் (கேமராக்கள் வழக்கமாகப் படத்தைச் சேமிக்கும் வடிவம்) படம் எதுவானாலும் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்டுகளில்தான் தொடங்கும். அந்தத் தொடக்கம் கிடைத்த இடத்திலிருந்து படத்தை உருவி எடுக்கிறது. கோப்பின் பெயர் பதிவேட்டோடு போய்விட்டதால் எல்லாவற்றுக்கும் ஏதோ எண்தான் பெயர். எடுத்த நேரம் படத்துக்குள்ளேயே பதிந்திருந்ததால் வரிசைப்படுத்த முடிந்தது.

தாலி கட்டும் படம் வந்தது. போனவை ஐந்தே படங்கள்: மண்டப வாசல், வாழைமரம், பெயர்ப் பலகை. ஃபார்மேட் ஆனதும் கேமரா கார்டின் தொடக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்ததால், அன்று முதலில் எடுத்தவற்றின் மேல் புதிய நான்கும் ஏறி உட்கார்ந்துவிட்டன. ஐந்தாவதின் தலைப்பகுதி அடிபட்டு அதுவும் போனது. வேடிக்கை என்னவென்றால், இரண்டு மாதத்துக்கு முன் எடுத்த ஒரு வளைகாப்பும் கூடவே வந்தது! 64 ஜிபி கார்டில் பாதிக்கு மேல் அதற்குப் பிறகு யாரும் எழுதவே இல்லை.

இந்தத் தெம்பில், அடுத்த வருடம் எஸ்எஸ்டி உள்ள என் லேப்டாப்பில் ஓர் ஆல்பம் ஃபோல்டரை ஷிஃப்ட் டெலீட் (ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நேராக அழிப்பது) செய்தபோது நான் பதறவே இல்லை. மீட்கும் மென்பொருள் கோப்புகளின் பெயரைக்கூட வரிசையாகக் காட்டியது. திறந்தால் உள்ளே வெறும் பூஜ்யங்கள்.

ஃப்ளாஷ் சிப்பில் எழுதிய இடத்தின் மேலேயே திரும்ப எழுத முடியாது. முதலில் அழித்தாக வேண்டும். எழுதுவது சில கிலோபைட் அளவுள்ள பக்கம் பக்கமாக. அழிப்பதோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த ஒரு பிளாக்காக. அதற்கு நேரமும் பிடிக்கும். எழுத வரும் நேரத்தில் அழித்துக்கொண்டிருந்தால் எஸ்எஸ்டி நொண்டியடிக்கும். அதனால் நீங்கள் ஒரு கோப்பை அழித்ததும், "இந்த இடங்கள் இனி வேண்டாம்" என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்கு உடனே சொல்லிவிடுகிறது. டிரிம் என்ற இந்தக் கட்டளை 2009-இல் வந்த விண்டோஸ் 7-இலிருந்தே இருக்கிறது. சொல்லிவிட்டால் போதும், சிப்பில் இன்னும் அழிக்காவிட்டாலும்கூட, அந்த இடத்தைக் கேட்டால் பல எஸ்எஸ்டிகள் பூஜ்யத்தைத்தான் நீட்டும். பெரும்பாலான கேமராக்கள் கார்டுக்கு இப்படி எதுவும் சொல்வதில்லை. என் முகூர்த்தம் பிழைத்தது அதனால்தான்.

சுழலும் ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலானவற்றில் காந்தப் பூச்சின் மேல் பழையதைப் பொருட்படுத்தாமல் புதியதை எழுதிவிடலாம். முன்கூட்டித் துடைக்கும் அவசியம் இல்லை, அழித்த கோப்பும் அப்படியே கிடக்கும். (டெலீட் செய்துவிட்டுப் பழைய டிஸ்க்கை விற்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவும்.)

சரி, உங்கள் கோப்புக்கு வருவோம். மீட்கும் மென்பொருளை இன்னும் நான்கு வாங்கிப் பார்த்துப் பணத்தை விடாதீர்கள். ரீசைக்கிள் பின், கிளவுடின் குப்பைத் தொட்டி, யாருக்காவது அனுப்பிய மெயில், வாட்ஸாப், இவற்றைத் தேடுங்கள். எனக்கு அந்த ஆல்பம் கிடைத்தது பிரிண்ட் போடும் லேபுக்கு அனுப்பிய மெயிலில்தான். மண்டப வாசல் படங்களை மாப்பிள்ளையின் தாய்மாமா போனிலிருந்து வாங்கி ஆல்பத்தில் சேர்த்தேன். முதல் பக்கம் மட்டும் ஏன் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.